கீழே வைக்க முடியாத பாத்திரம்

அவிநாசி சாலையில் ஒரு ஓட்டலின் நெற்றியில், பித்தளை நிறத்தில், பாதித் தேங்காய்த் தொட்டி ஒன்று ஒளிர்கிறது. மற்ற ஊர்களில் கொட்டாங்குச்சி என்பதை எங்கள் பக்கம் தொட்டி என்போம். முதல் மாடியில் இருக்கும் காக்டெயில் பாருக்கு அதுதான் முகம். என்னைத் தெரிந்தவர்கள் பஸ்ஸில் போகும்போது அதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, அது நீங்க பண்ணுனதுங்களா? நல்லாருக்குதுங்க" என்று கேட்கிறார்கள். இல்லை. நான் பண்ணவில்லை. பண்ண மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தவள் நான். நல்லாயிருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நான் காலேஜில் படித்து டிசைனர் ஆனவள் இல்லை. காந்திபுரத்தில் ஒரு ஃபிளக்ஸ் கடையில் உட்கார்ந்து, காதணி விழாவுக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் ஒரே ரோஜாப்பூவை நிறம் மாற்றி மாற்றிப் போட்டுக் கை பழகியவள். மீதியைப் பாதி யூடியூப் சொல்லிக்கொடுத்தது, பாதி கடைக்கு வந்த ஜனங்கள். "எங்க மாமன் மொகம் கொஞ்சஞ் செவப்பாத் தெரியோணுமுங்க. உசுரோட இருந்தப்பத்தான் கருப்பா இருந்தாரு" என்றார் ஒருவர், அஞ்சலி போஸ்டருக்கு. இந்த மாதிரிப் பேச்சு காதில் விழுந்தால் நான் விட மாட்டேன். அழகான எழுத்துருவைவிட, ஒரு மனுஷன் வாயிலிருந்து தானாக விழும் வார்த்தைக்கு இழுப்பு அதிகம் என்பதை அங்கேதான் கண்டுபிடித்தேன்.

அந்தக் கண்டுபிடிப்பை முதலில் ஒரு பரோட்டாக் கடையின் மெனு கார்டில் போட்டுப் பார்த்தேன். 'கூடுதல் சால்னா' என்று எழுத வேண்டிய இடத்தில் 'இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க' என்று எழுதினேன். 'பார்சல்' என்ற இடத்தில் 'ஊட்டுக்காரிக்கும் ஒன்னு'. சாப்பிட வந்தவர்கள் அதைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்ப, அது சுற்றிச் சுற்றி அந்த ஓட்டல்காரர் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. போன் வந்தது.

ஓட்டல்காரர் என் வயதுதான். காடு கரை உள்ள குடும்பம். அப்பா காலத்தில் மோட்டார் பம்ப் தயாரிப்பில் இறங்கி, மகன் காலத்தில் ஓட்டலுக்கு வந்தவர்கள். நல்ல மனிதர். கலகலப்பாகப் பேசுவார், நாம் பேசினாலும் கேட்பார். இதைச் சொல்லாமல் விட்டால் என் கதை எனக்கே பொய்யாகிவிடும்.

"பாருக்குப் பேரு 'சாளை'ங்க மேடம்" என்றார். தோட்டத்துக்குள் குடியிருக்கும் வீட்டை எங்கள் பக்கம் சாளை என்பார்கள். "பழைய கொங்கு நாட்டுத் தோட்டத்துக்குள்ள நொழைஞ்ச மாதிரி இருக்கோணும். சுண்ணாம்புச் சொவரு, கெணத்துல மாடு கட்டித் தண்ணி எறைச்ச கமலைச் சக்கரத்துல லைட்டு, நன்னாரி போட்ட ஜின்னு, கருப்பட்டி போட்ட ரம்மு. லோகோ, மெனு, சட்டையில குத்தற பட்டன் வரைக்கும் நீங்கதான் பண்ணித் தரோணும்."

மதுவுக்கு வெளிப்படையாக விளம்பரம் செய்ய முடியாது. பாட்டிலைக் காட்டாமல், குடி என்ற வார்த்தையே எழுதாமல், தெருவில் போகிறவரை மாடிக்கு இழுக்க வேண்டும். அப்படியானால் பெயரும் லோகோவும்தான் எல்லாம். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அன்றைக்கே ஃபிளக்ஸ் கடையில் சொல்லிவிட்டேன், இனி வர மாட்டேன், என் சொந்தப் பெயரில் தொழில் பண்ணப் போகிறேன் என்று. திரும்பிப் போக நான் வழி வைத்துக்கொள்ளவில்லை. அந்த ஒரு வேலையை நம்பித்தான் இறங்கினேன்.

முதல் நாள் பேச்சில் ஓட்டல்காரரின் அப்பாவும் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல்.

"அம்மணிக்கு எந்த ஊருங்க?"

"சோமனூருங்க."

"சோமனூர்ல எங்கீங்க? நமக்கு அங்க ஒறம்பரை, சொந்தமெல்லாம் நெறையா இருக்குதுங்க."

"ஸ்டேசனுக்கு அந்தாண்டைங்க."

"அப்பிடிங்களா. கும்புடறது எந்தக் கோ..."

"அப்பா, டிசைனு பண்ண வந்திருக்காங்க. பொண்ணு பாக்கவா வந்திருக்கோம்?" என்று மகன் குறுக்கே விழுந்தார். எல்லாரும் சிரித்தோம். காபி வந்தது.

இந்தக் கேள்வி வரிசை எங்கள் நாட்டில் எல்லாருக்கும் தெரியும். எந்த ஊர், ஊருக்குள் எங்கே, எந்தக் கோயில். மூன்றாவது கேள்விக்குள் ஆளை எந்த வரிசையில் உட்கார வைப்பது என்று தெரிந்துவிடும். கேட்டவர் ஒரு தப்பு வார்த்தையும் பேசியிருக்க மாட்டார். முழுக்க 'ங்க' போட்டுத்தான் பேசியிருப்பார். அந்த மூன்றாவது கேள்வி அன்றைக்குக் காபி டம்ளர்களுக்கு நடுவே பாதியில் நின்றது.

வேலை பிடித்துப்போயிற்று. உக்கடம் பஸ் ஸ்டாண்டில் நின்று, பஸ்ஸில் ஏறி, ஜனங்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுக் காக்டெயில்களுக்குப் பெயர் வைத்தேன். கசப்பான ஒன்றுக்கு 'போச்சாது போங்க'. பரவாயில்லை என்பதை எங்கள் ஊரில் இதைவிட ஆறுதலாகச் சொல்ல முடியாது. காரமாகத் தொண்டையைப் பிடிக்கிற ஒன்றுக்கு 'ஊட்ல சொல்லிப்போடாதீங்க'. மெதுவாக ஏறுகிற ஒன்றுக்கு 'இதா வந்துட்டேனுங்க'. உக்கடம் சிக்னலில் நின்றுகொண்டு போனில் எல்லாரும் சொல்வது இதைத்தான். சொன்னவர் இன்னும் உக்கடம் குளத்தையே தாண்டியிருக்க மாட்டார். ஓட்டல்காரர் படித்துவிட்டு மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "மேடம், இதுக்காகவே குடிக்க வருவாங்க" என்றார்.

லோகோ மட்டும் பாக்கி. அதற்கான சந்திப்புக்குப் போனபோது மேசை மேல் ஒரு அட்டைப் பெட்டி இருந்தது. அவரே ஆசையாகத் திறந்தார். உள்ளே தேங்காய்த் தொட்டிகள். வழவழவென்று தேய்த்து, விளிம்புக்குப் பித்தளை கட்டி, உருளாமல் நிற்க அடியில் ஒரு பித்தளை வளையமும் கொடுத்திருந்தார்கள்.

"பொள்ளாச்சியில சொல்லிப் பண்ணுனதுங்க. நம்ம பார்ல கிளாஸே கெடையாது. எல்லாமே இதுலதான். லோகோவும் இதேதான். எப்பிடி?"

நான் ஒன்றைக் கையில் எடுத்தேன். கனமே இல்லை.

"அந்தக் காலத்துல தோட்டத்துல இப்பிடித்தானுங்க குடிச்சாங்க" என்றார்.

"யாருங்க குடிச்சாங்க?"

"யாருன்னா... எல்லாருந்தான்."

அவருடைய அப்பா ஏசியின் ரிமோட்டை எடுத்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க ஆரம்பித்தார்.

ஒரு தொட்டியை மாதிரிக்கு எடுத்துக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினேன்.

என் அம்மா வீட்டு வாசலில் பனியன் மூட்டைக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். திருப்பூர் கம்பெனிகளில் தைத்து வரும் பனியன்களில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டிக் கொடுப்பது இப்போது அவள் வேலை. அதற்கு முன்னால், கல்யாணமாகி சோமனூர் வரும்வரை, காரமடைக்கு அந்தப் பக்கம் தோட்டங்களில் கூலிக்குப் போனவள். அவளுடைய அப்பா பண்ணையத்தில், அதாவது ஒரு நிலத்துக்காரரிடம் வருஷக் கூலிக்குக் கட்டுண்டு, இருந்தார். தொட்டியை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

கத்திரியை வைத்துவிட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள், இருமல் வரும் அளவுக்கு.

"இதுக்கெதுக்குடி பித்தளைக் காப்பு? கலியாணமா இதுக்கு?"

"பார்ல இதுலதான் குடிக்கக் குடுப்பாங்களாம்மா."

"யாரு? அந்தப் பண்ணாடி பையனா?" நிலத்துக்காரரை அவள் இன்றும் பண்ணாடி என்றுதான் சொல்வாள், இப்போதெல்லாம் அதைச் சொல்லும்போது உதட்டோரம் ஒரு நெளிவு இருக்கும்.

தொட்டியை அவள் எடுத்த விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரலால் பிடிக்கவில்லை. முந்தானையை உள்ளங்கையில் மடித்து வைத்து, அதற்கு மேல் தொட்டியை உட்கார வைத்தாள். வெறும் தொட்டிதான், உள்ளே சூடாக எதுவும் இல்லை. ஆனாலும் கை அப்படித்தான் போயிற்று.

எனக்கு இது புதுக் கதை இல்லை. அம்மா பிறந்த ஊர் டீக்கடையில் அவள் தெருக்காரர்களுக்குக் கிளாஸ் கிடையாது என்பது சின்ன வயதிலேயே தெரியும். கூரை ஓலையில் வரிசையாகத் தொட்டிகள் சொருகியிருக்கும். அவரவர் தொட்டியை எடுத்து நீட்ட வேண்டும்; மேலே இருந்து ஊற்றுவார்கள்; கடைக்கு வெளியே நின்று குடிக்க வேண்டும். இவ்வளவும் கேட்டதுதான். அன்றைக்கு அவள் சொன்னது மட்டும் நான் கேட்காதது.

"இந்த வளையமெல்லாம் அப்ப இல்ல கண்ணு. தொட்டியக் கீழ வெக்க முடியாது, உருண்டுக்கும். குடிச்சு முடிக்கற வரைக்குங் கையிலயே வெச்சிருக்கோணும். குடிச்சுப்போட்டு நாமதான் கழுவோணும், கழுவிக் கூரையில சொருகோணும். உள்ள கிளாஸ்ல குடிக்கறவங்க பாதி குடிப்பாங்க, பெஞ்சு மேல வெப்பாங்க, ஊரு நாயம் பேசுவாங்க, மறுக்காவும் எடுப்பாங்க. எனக்கு டீ மேலகூட ஆசையில்ல. அப்பிடி ஒருக்கா வெச்சு எடுக்கோணும்னுதான் ஆசை."

சொல்லிவிட்டு அடுத்த பனியனை எடுத்தாள்.

"நான் அந்த பாருக்கு வந்தா எனக்கு எதுல குடுப்பாங்க?"

"இதுலதான். எல்லாருக்குமே இதுலதானாம்."

"அப்பச் செரி. எல்லாருக்கும் வந்துருச்சு பாரு" என்று மறுபடியும் சிரித்தாள். உடனே சிரிப்பை நிறுத்தி, "ஏம்புள்ள, நீ அங்க போயி ஒன்னும் பேசாத. வேலையக் குடுத்திருக்காங்க, செஞ்சு குடுத்துப்போட்டு வா. உனக்கு வாய் ரொம்ப நீளம்" என்றாள்.

வாய் நீளம்தான். அதை வைத்துத்தானே பிழைக்கிறேன். சாப்பிடும் இடத்தில் மட்டும் அதைச் சுருட்டி வைத்துக்கொள்ள வேண்டும் என்றால், அப்படி ஒரு சாப்பாடு எதற்கு?

நான் ஒரு கிளாஸை வரைந்தேன். பேக்கரியில் டீ கொடுப்பார்களே, உடம்பெல்லாம் வரி வரியாக இருக்கும், அந்தக் கண்ணாடிக் கிளாஸ். அதற்குக் கீழே ஒரு கோடு. அந்தக் கோடு வலப்பக்கம் நீண்டுபோய் 'சாளை' என்ற எழுத்தாக மாறும். கிளாஸ் கோட்டின் மேல் நின்றுகொண்டிருக்கிறது, அவ்வளவுதான் படம். யாரோ பாதி குடித்து, கீழே வைத்துவிட்டு, பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். நான் வரைந்ததிலேயே நல்ல படம் அது. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

அப்பாவும் மகனும் சேர்ந்தே பார்த்தார்கள்.

"நல்லாத்தான் இருக்குதுங்க மேடம்" என்றார் மகன். "தொட்டி எங்கீங்க?"

"தொட்டி இல்லீங்க."

"ஏனுங்க?"

அம்மா சொன்னதைச் சொன்னேன். கூரையையும் சொன்னேன், கழுவினதையும் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. ஒரு 'ங்க' குறையாமல்தான் பேசினேன். மரியாதையாகப் பேசுவது அவர்களுக்கு மட்டும் எழுதி வைத்த சொத்து இல்லையே.

பெரியவர் தொண்டையைச் செருமினார். "அதெல்லாம் டீக்கடைக்காரங்க பண்ணுனதுங்க அம்மணி. நம்ம தோட்டத்துல அப்பிடியெல்லாங் கெடையாது."

"உங்க தோட்டத்துல எதுலீங்க ஊத்துனாங்க? கையிலீங்களா?"

பெரியவர் வேட்டி மடிப்பை நீவிவிட்டார்.

"பழசைக் கெளறக் கூடாதுங்க அம்மணி" என்றார் கடைசியில்.

"பழசைத்தானுங்க 'தீம்'னு வெச்சிருக்கீங்க. கமலை வேணும், சாளை வேணும், தொட்டி வேணும். தொட்டியில குடிச்ச ஆளு மட்டும் வேண்டாமுங்களா? அன்னைக்கு நீங்க ஒன்னு கேக்க வந்து பாதியில நின்னுபோச்சுங்க, எந்தக் கோயிலுன்னு. நாங்க சர்ச்சுக்குப் போறவங்க. எங்கம்மாவைப் பெத்தவரு பண்ணையத்துல இருந்தவரு. இப்ப ஆளைத் தெரிஞ்சிருக்குமுங்க. நீங்க எங்க உக்கார வெச்சாலும் செரி, நான் உக்காந்திருக்கறது இந்தச் சேர்லதானுங்க."

மகனுக்கு முகம் சிவந்துவிட்டது. கோபம் இல்லை, சங்கடம். "எனக்குச் சத்தியமாத் தெரியாதுங்க" என்றார். நம்பினேன். தெரியாமல் வளர்வதற்கும் ஒரு வசதி வேண்டும். அந்த வசதி அவருக்கு இருந்தது.

"ஒன்னு பண்ணலாமுங்க" என்றார். "லோகோல கிளாஸே வெச்சுக்கலாம். ஆனா பொள்ளாச்சியில இருந்து தொட்டியெல்லாம் வந்து எறங்கிருச்சுங்க. ஒரே ஒரு காக்டெயிலுக்கு மட்டும் வெச்சுக்கறேன். கஸ்டமருக்கு இதெல்லாந் தெரியப் போறதில்லீங்க."

"தெரிஞ்ச கஸ்டமர் யாரும் உங்க படியேற மாட்டாங்கன்னு நெனைக்கிறீங்க."

"அப்பிடிச் சொல்லலீங்க..."

"ஒன்னுன்னாலும் தொட்டி தொட்டிதானுங்க. அது உள்ள வந்தா என்னோட கிளாஸு வராது."

"அப்ப இந்தப் பேரெல்லாம்?"

"அது உக்கடம் பஸ்ஸுல ஜனங்க பேசுனதுங்க. நான் எறங்கறப்ப கூடவே எறங்கிக்கும்."

லேப்டாப்பை மூடினேன். வெளியே வந்து வெயிலில் நின்றபோதுதான், கையில் வேறு வேலை எதுவும் இல்லை என்பது உறைத்தது. ஆனால் ஒரு தடவைகூட, வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாமே என்று தோன்றவில்லை. அம்மாவிடம் சொன்னபோது, "சொன்னேனில்ல, வாய் நீளம்னு" என்றாள். அன்றைக்கு மத்தியானம் ஞாயிற்றுக்கிழமை மாதிரி கறி எடுத்துக் குழம்பு வைத்தாள்.

அவர்கள் வேறு ஊரிலிருந்து ஆள் கூட்டி வந்து வேலையை முடித்துக்கொண்டார்கள். பித்தளைத் தொட்டி மேலே ஏறியது. சிலர் என்னிடம், "பாத்தீங்களா, உங்களால ஒன்னும் நின்னுபோகலியே" என்றார்கள். நிற்காது என்று எனக்கும் தெரியும். என் கையால் அது ஏறவில்லை. எனக்கு அது போதும், அதைச் சின்ன விஷயம் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

உக்கடத்தில் ஒரு செல்போன் கடைக்கு மேலே ஒற்றை அறை பிடித்தேன். வாசலில் என் போர்டு: கோட்டின் மேல் ஒரு கிளாஸ். கீழே இருக்கும் ஜூஸ் கடைக்காரர் என்னுடைய முதல் வாடிக்கையாளர். அவர் கடையில் நன்னாரி சர்பத்தின் பெயர் 'இதா வந்துட்டேனுங்க'. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அதைப் படித்துச் சிரித்துவிட்டு, போனில் அதையே சொல்லிக்கொண்டே குடிக்கிறார்கள்.

போன மாதம் அம்மா என் அறையைப் பார்க்க வந்தாள். திரும்பும்போது பஸ் அந்த ஓட்டலைத் தாண்டியது. அம்மா எட்டிப் பார்த்தாள்.

"இதானா?"

"ஆமா. போலாமா உள்ள?"

"பாருக்கா? பாஸ்டரு பாத்தா என்ன ஆகறது?"

"பாஸ்டரு அங்க இருந்தார்னா அவருதாம்மா பயப்படோணும்."

அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வந்தோம். மத்தியானம், கூட்டம் இல்லை. சுண்ணாம்புச் சுவர், கமலைச் சக்கரம், எல்லாம் அவர் சொன்னபடியே இருந்தது. அம்மா சக்கரத்தை அண்ணாந்து பார்த்து, "படுக்க வெச்சு மாட்டியிருக்காங்க" என்றாள். தோளில் துண்டு போட்டிருந்த பரிமாறுபவர் வந்தார். எலுமிச்சை சோடா இரண்டு சொன்னேன். வந்தது, பித்தளை வளையத்தின் மேல் இரண்டு தொட்டிகள்.

அம்மா அதைத் தொடவில்லை. "கண்ணு, எனக்குக் கிளாஸ்ல குடுங்க."

"இங்க எல்லாமே தொட்டிலதானுங்கம்மா. அதான் நம்ம ஸ்பெஷல்."

"எங்களுக்கு அது ஸ்பெஷல் இல்லீங்க கண்ணு. நாங்க நெறையாக் குடிச்சுப்போட்டோம்."

அந்த மனிதர் அவள் முகத்தை ஒரு நொடி பார்த்தார். இரண்டு தொட்டிகளையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது தட்டில் இரண்டு கிளாஸ்கள் இருந்தன, வரி போட்ட டீக் கிளாஸ்கள். சமையல்கட்டில் வேலை செய்பவர்கள் டீ குடிக்கும் கிளாஸ்களாக இருக்க வேண்டும்.

அம்மா ஒரு வாய் குடித்தாள். மேசை மேல் வைத்தாள். பனியன் கம்பெனியில் புதிதாக வந்திருக்கும் சூப்பர்வைசர் எப்படி ஒவ்வொரு வார்த்தைக்கும் 'ஓகேவா, ஓகேவா' என்கிறான் என்று பேசினாள். எடுத்தாள், குடித்தாள், வைத்தாள். சித்தப்பா மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் கதை. மறுபடி எடுத்தாள். சோடாவில் வாயு எல்லாம் போய்ச் செத்த தண்ணீராகியிருக்கும். அவள் அவசரப்படவே இல்லை.

எழுந்தபோது அவள் கை கிளாஸை எடுத்துவிட்டது. எங்கே கழுவுவது என்று கண் தேடியது. நான் ஏதாவது சொல்வதற்குள் அவளே நின்றாள். கையிலிருந்ததைப் பார்த்தாள். அதை மேசையின் நடுவில் ஓசை கேட்கும்படி வைத்தாள்.

"கெடக்கட்டும்" என்றாள். "அவங்களே கழுவிக்குவாங்க. வா, பஸ்ஸு போயிரும்."